பத்தொன்பது நாள் முடிச்சு

எனக்கு ஒன்பது வயது நிரம்பிய ஆண்டின் புரட்டாசி மாதத்தில், எங்கள் ஊருக்கு வந்துசேர வேண்டிய மழையைப் பத்தொன்பது நாட்கள் நான் தடுத்து நிறுத்தி வைத்திருந்தேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அன்று எனக்கு அதில் அச்சமே மிகுதியாக இருந்தது. ஆயினும் பெருமை அறவே இல்லை என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

இப்போதெல்லாம் மழையின் நடமாட்டத்தைக் கைபேசியே காட்டிவிடுகிறது. சென்ற வாரம் என் மருமகன் அதில் மேகப்படத்தைக் காட்டி, மாலை நான்கு மணிக்குக் கோவில்பட்டிக்குக் கிழக்கே நல்ல மழை இருக்கிறது என்றார். நான்கு மணிக்கு வெயில்தான் காய்ந்தது. அவர் கைபேசியை இரண்டு முறை தட்டிப் பார்த்தார். நான் என் சேலை முந்தியைத் தடவிப் பார்த்தேன். அதில் முடிச்சு ஏதும் இல்லை என்று தெளிந்த பிறகே எனக்கு மூச்சு சீராக வந்தது. அந்தப் பழக்கத்தின் வேரைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நாகலாபுரம் செல்லும் சாலையிலிருந்து இரண்டு கல் தொலைவு உள்ளே தள்ளி இருக்கிறது. முழுக்கக் கரிசல் நிலம். புரட்டாசி பிறந்ததும், மழை வருமுன்பே, காய்ந்த புழுதியில் கம்பையும் உளுந்தையும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்பது வழக்கம். மழை தாமதித்தால் விதை எறும்புக்குப் போகும். ஆண்கள் இவ்வாறு மழைக்குக் காத்திருக்க, பெண்களோ தீப்பெட்டி ஆபீசுக்கு, அதாவது தொழிற்சாலைக்கு, வீட்டிலிருந்தே பெட்டி ஒட்டி வேலை செய்தார்கள். ஆபீசுக்கு வேண்டியது வெயில். குச்சி காய வேண்டும், ஒட்டிய பெட்டி காய வேண்டும். ஆகவே எங்கள் வீட்டில் காலையில் வெயிலுக்கும் மாலையில் மழைக்கும் ஒரே வாயால் வேண்டிக்கொள்வார்கள். கடவுள் எப்படித்தான் இதைச் சமாளித்தாரோ என்று நான் அன்றே வியந்ததுண்டு.

அந்த ஆண்டு ஆவணியில், என் தந்தையின் தங்கை ஒரு தகரப்பெட்டியுடன் பேருந்திலிருந்து இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தார். கணவர் வீடு தெற்கே ஓர் ஊரில். அத்தை வந்ததற்குக் காரணம் என்னவென்று எனக்கு எவரும் சொல்லவில்லை. அவரது இடக்கை மணிக்கட்டு சரியாக மடங்கவில்லை என்பதை மட்டும் கவனித்தேன். பெட்டி ஒட்டி ஒட்டி அப்படி ஆகியிருக்கும் என்று நானாகவே ஒரு காரணத்தை வைத்துக்கொண்டேன். காரணம் கிடைக்காவிட்டால் அந்த வயதில் எனக்கு உறக்கம் வராது.

இரண்டு வாரம் கழித்து அத்தையின் கணவரான மாமா வந்தார். கடம்பூர்ப் போளி ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தார். நெய் மணக்கும் அந்தப் போளியில் நான் மூன்று தின்றேன். அவர் இருந்த மூன்று மணி நேரமும் அத்தை அடுக்களையைவிட்டு வெளியே வரவில்லை என்பது எனக்குப் பொருட்டாகவே படவில்லை. தனியாகத்தான் அவர் திரும்பிப் போனார்.

அன்று மாலை அத்தை தம் கால்விரல்களிலிருந்து வெள்ளி மெட்டி இரண்டையும் கழற்றி, ஒரு காலித் தீப்பெட்டிக்குள் வைத்துக் கூரை இடுக்கில் செருகினார். இதை நான் பார்த்துவிட்டேன். மறுநாள், பெட்டியை எடுத்துத் திறந்து, ஒரு மெட்டியை என் கைக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு கண்மாய்க்குப் போனேன். எரிப்பதற்குச் சாணம் பொறுக்கி வருவது என் வேலை.

கண்மாய் வற்றி, அதன் கரும்படுகை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சில வெடிப்புகளில் தோள்வரை கையை விட்டாலும் அடி தட்டாது. குனிந்து சாணத்தை எடுத்தபோது மெட்டி விரலிலிருந்து நழுவிற்று. ஒருமுறை மின்னியது. பிறகு வெடிப்புக்குள் போய்விட்டது. விழுந்த ஓசைகூடக் கேட்கவில்லை. நான் குப்புறப் படுத்து, முழங்கை சிராய்க்கும்வரை துழாவிப் பார்த்தேன். கைக்கு வந்தது சூடான காற்று மட்டுமே.

ஒரு செய்தி எனக்குத் தெரியும். மழை விழுந்தால் கரிசல் ஊதிப் பெருத்து, வெடிப்புகளையெல்லாம் மூடிக்கொள்ளும். அப்படி மூடிக்கொண்டதை அது திருப்பித் தந்ததே இல்லை. என் தந்தையின் கலப்பைக் கொழு ஒன்று அவ்வாறு போனதை ஆண்டுதோறும் அவர் சொல்லிச் சொல்லி வருந்துவார்.

எங்கள் வீட்டில் பொருள் தொலைந்தால் என் தாய் கண்மாய்க்கரை அய்யனாரை நினைத்து முந்தியில் ஒரு முடிச்சுப் போடுவார். பொருள் கிடைத்த பிறகுதான் அவிழ்ப்பார். எனக்கு முந்தி இல்லை, பாவாடைதான் இருந்தது. அதன் ஓரத்தில் முடிச்சுப் போட்டு, அய்யனாரிடம் வேண்டிக்கொண்டேன். அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் வெடிப்பு மூடிவிடுமே என்ற பயத்தில், மெட்டி கைக்கு வரும்வரை மழை வரக்கூடாது என்று ஒரு நிபந்தனையையும் சேர்த்துவிட்டேன். கண்மாயைக் காக்கும் தெய்வத்திடமே கண்மாய் காய்ந்து கிடக்கட்டும் என்று கேட்ட பக்தை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மறுநாள் பிற்பகல் வடகிழக்கே மேகம் திரண்டது. ஊரே வாசலுக்கு வந்து நின்றது. மேகம் எங்கள் ஊருக்கு நேராக வந்து, இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி வடக்கிலும் மறுபாதி தெற்கிலும் ஒதுங்கிப் போயிற்று. என் பாவாடையிலிருந்த சின்ன முடிச்சு வானத்தைப் பிளந்துவிட்டதை என் கண்ணால் பார்த்தேன்.

அன்றுமுதல் என் நாட்கள் ஒரே விதமாகக் கழிந்தன. சாணம் பொறுக்கும் சாக்கில் கண்மாய்க்கு ஓடுவேன். கம்பியால் கிளறுவேன், குச்சியின் நுனியில் பசை தடவி விட்டுப் பார்ப்பேன். மாலையில் மேகம் தெரிந்தால் முடிச்சைப் பிடித்துக்கொண்டு அழுவேன். அவிழ்த்துவிட்டால் மழை வரும், மெட்டி போகும். அவிழ்க்காவிட்டால் விதை போகும். விதைத்த புழுதியில் எறும்புகள் வரிசையாக உளுந்தைச் சுமந்து செல்வதைப் பார்க்கும்போதெல்லாம், என்னால்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. மழை ஏன் வரவில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் தேடினார்கள். அய்யனாருக்குப் பொங்கல் வைத்ததில் குறை என்றார் ஒருவர். தீப்பெட்டி ஆபீசுக்காரர் குச்சி காய்வதற்காக மந்திரம் செய்துவிட்டார் என்றார் இன்னொருவர். இவை ஒன்றும் நிலைக்கவில்லை. பொங்கலை மறுபடி வைத்தாயிற்று. ஆபீசுக்காரரைப் பகைத்தால் வேலை போய்விடும். பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொன்ன காரணம்தான் நிலைத்தது. குழாயடியில், என் தாய் காது கேட்கவே அவர் சொன்னார்:

“எப்பம் மழை நின்னுதுன்னு யோசிச்சுப் பாருங்க. இவ பெட்டியத் தூக்கிட்டு பஸ்ஸ விட்டு எறங்கின அன்னைக்கு நின்னது. வாழப்போன பொண்ணு வாசல்ல வந்து உக்காந்தா, மேகம் எங்கிட்டுக் கூடி எறங்கும்?”

அதற்கு முந்தைய ஐந்து மாதங்களிலும் ஒரு துளி விழவில்லை என்பதை எவரும் நினைத்துப் பார்க்கவில்லை. பெரியம்மா கொடியவர் அல்லர். எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு இரவு விழித்திருந்தவர் அவர்தான். அவருடைய நாலு ஏக்கர் விதையும் புழுதியில் கிடந்தது. ஒன்றும் செய்ய இயலாமல் வானத்தைப் பார்த்திருப்பது எவ்வளவு கடினம் என்பதை நான் பிற்காலத்தில்தான் அறிந்தேன். எதிரே ஒரு மனிதர் கிடைத்துவிட்டால், அவரையாவது ஏதேனும் செய்யலாம் அல்லவா?

என் தந்தை முதலில் சினந்தார். அதன்பின் தெருவில் தலைகுனிந்து நடக்கத் தொடங்கினார். பதினேழாம் நாள், வெள்ளிக்கிழமை வந்து அழைத்துப்போகலாம் என்று மாமாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். அத்தை ஒரு கையாலேயே தம் சேலைகளை மடித்துத் தகரப்பெட்டியில் அடுக்கினார். பிறகு கூரை இடுக்கிலிருந்து தீப்பெட்டியை எடுத்துத் திறந்தார். அவர் சற்று நேரம் உள்ளே பார்த்தார், மூடினார், இடுப்பில் செருகிக்கொண்டார். ஒன்று குறைவதை அவர் கவனிக்கவில்லை என்று எண்ணி நான் ஆறுதல் அடைந்தேன்.

பத்தொன்பதாம் நாள் புதன்கிழமை. ஊரில் மழைச்சோறு எடுத்தார்கள். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பெண்கள் வீடுவீடாகச் சென்று உப்பில்லாத கஞ்சி வாங்கி, ஒரே பானையில் சேர்த்து, கண்மாய்ப் படுகையில் அமர்ந்து, ஒப்பாரி வைத்தபடி அதைக் குடிப்பார்கள். பிறகு, மழையற்ற ஊர் இனி எங்களுக்கு வேண்டாம் என்று வெறும் குடங்களை இடுப்பில் ஏந்தி ஊரைவிட்டுப் போவது போல நடப்பார்கள். வீட்டுக்கு ஒருவராக ஆண்கள் வந்து, மழை வரும், திரும்பி வாருங்கள் என்று அழைக்க வேண்டும். அழைத்த பிறகே திரும்புவார்கள்.

எங்கள் வீட்டுக் கஞ்சியைக் காய்ச்சியவர் அத்தைதான். ஆனால் அவர் படுகையில் வந்து அமர்வது பொருத்தமில்லை என்று பெரியம்மா சொல்லிவிட்டதால், வெறும் குடத்துடன் கரைமேல் அய்யனார் அருகே நின்றிருந்தார். ஒப்பாரி தொடங்கியது. பெரியம்மாவின் குரல் ஓங்கி வந்தது. பெட்டியோடு வந்தவள் பெட்டியோடு போனால் மேகமே நீ இறங்குவாயா என்று அவர் நீட்டி அழுதபோது, பெண்கள் எல்லாரும் ஒருசேரக் கரையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த நொடியில் எழுந்து நின்றேன். அதை அன்பு என்று மட்டும் சொல்ல மாட்டேன். குற்றம் என்னுடையது. பத்தொன்பது நாட்கள் நான் ஒருத்தியாகச் சுமந்தது. அதைத் தூக்கி இன்னொருவர் தலையில் வைப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

“அத்தை இல்ல. நாந்தான் மழைய மறிச்சு வச்சிருக்கேன்” என்றேன்.

ஒப்பாரி நின்றது. அழுதுகொண்டே மெட்டியையும் வெடிப்பையும் முடிச்சையும் முழுமையாகச் சொன்னேன். என் தாய் வாயில் கையை வைத்துக்கொண்டார். அப்போது, ஆடு மேய்க்கும் வீட்டுச் சித்தி ஒருவர், எதற்கும் வாய் மூடாதவர், பானைக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்த்தார்.

“ஏட்டி, நாங்க வானம் பூரா தேடுதோம். மழை ஒம் பாவாடைக்குள்ளயா கெடக்கு?”

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். உப்பில்லாக் கஞ்சி மூக்கில் ஏறி இருமியவர்களும் உண்டு. சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி தாயி, அவுத்து விட்டுரு. எங்க ஆடு முப்பதும் நாக்கத் தொங்கப் போட்டுட்டுக் கெடக்கு” என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் சிரிப்பு அடங்கியபோது, பெண்கள் எல்லாரும் என் பாவாடை ஓரத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். ஒருவேளை என்ற எண்ணம் எல்லார் முகத்திலும் இருந்தது.

முடிச்சு அவிழவில்லை. பத்தொன்பது நாள் வியர்வை, புழுதி. அவற்றோடு, பெட்டி ஒட்டும்போது பாவாடையில் கையைத் துடைப்பது என் வழக்கமாகையால், பசை ஏறிக் காய்ந்து கல்லாக இறுகியிருந்தது. தாய் முயன்றார், சித்தி முயன்றார். அறுத்துவிடலாம் என்று ஒருவர் சொல்ல, அறுக்கக் கூடாது, அவிழ்க்கத்தான் வேண்டும் என்று மற்றவர்கள் தடுத்தார்கள். அப்போதுதான் பெரியம்மா கரையை நோக்கினார். அவர் குரல் மாறியிருந்தது.

“ஏம்மா, அங்கன ஏன் ஒத்தையில நிக்க? ஒம் பல்லு நல்ல பல்லுல்லா. எறங்கி வந்து கடிச்சு அவுத்து விடு தாயி.”

ஒரு மாதத்துக்கு மேலாக அவர் அத்தையிடம் நேராகப் பேசிய முதற்சொல் அதுதான்.

அத்தை இறங்கி வந்தார். என் முன்னே மண்டியிட்டு, முடிச்சைப் பல்லால் கடித்துக் கடித்து இளக்கினார். பசையின் புளிப்பு அவர் முகத்தில் தெரிந்தது. முடிச்சு அவிழ்ந்தபோது பெண்கள் குலவையிட்டார்கள். அந்த இரைச்சலுக்கிடையே அவர் என் காதருகே கேட்டார்: “எங்கனட்டி போட்ட?”

அடி விழும் என்று நினைத்துக்கொண்டே அழைத்துப்போய் வெடிப்பைக் காட்டினேன். அத்தை குனிந்து பார்த்தார். இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். மிஞ்சியிருந்த ஒற்றை மெட்டியை அதே வெடிப்புக்கு நேராகப் பிடித்து, உள்ளே நழுவவிட்டார்.

“ரெண்டும் ஒண்ணாக் கெடக்கட்டும்” என்றார்.

தொலைந்த மெட்டிக்குத் துணை வேண்டும் என்று போட்டார் போலும் என நினைத்து, அவருடைய இரக்கத்தை நான் வியந்தேன்.

பிறகு பெண்கள் குடங்களை எடுத்துக்கொண்டு கிழக்கே நடந்தார்கள். இம்முறை அத்தையை எவரும் தடுக்கவில்லை. எல்லாருக்கும் முன்னால் அவர்தான் நடந்தார். கரையில் ஆண்கள் வந்து நின்று, வீட்டுக்கொருவராக அழைக்க, பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். என் தாயை என் தந்தை அழைத்தார். கடைசியில் அத்தை ஒருவர் மட்டும் முதுகைக் காட்டி நின்றார். அவரை அழைக்க வேண்டிய கணவர் அங்கே இல்லை. தந்தை தரையைப் பார்த்தார். ஆட்டுக்காரச் சித்தி பொறுமை இழந்தார்.

“ஏ அண்ணாச்சி, இவளக் கூப்பிட ஆள் உண்டா இல்லையா? வெயில்ல நிக்கோம், சட்டுன்னு சொல்லுங்க.”

“தங்கச்சி,” என்றார் தந்தை. குரல் உடைந்தது. தாகத்தினால் என்று நினைத்தேன். “நீயும் வீட்டுக்கு வா.”

வெள்ளிக்கிழமை மாமா போளிப் பொட்டலத்துடன் வந்தார். தந்தை அவரை வாசலிலேயே நிறுத்திக்கொண்டார்.

“கண்மாய்ல வச்சு ஊரறியக் கூப்பிட்ட பிள்ளைய அனுப்பினா மழை கோவிச்சுக்கிடும். நாளைக்கு ஊருக்கு நான் பதில் சொல்ல ஏலாது. நீங்க போயிட்டு வாங்க.”

எங்கள் ஊர் முழுவதும் அவருக்குப் பின்னால் நின்றது. பெரியம்மாதான் முன்வரிசை. எந்த நம்பிக்கை அத்தையைத் துரத்தியதோ, அதுவே இப்போது குறுக்கே நின்று வாசலை அடைத்துக்கொண்டது. போளிப் பொட்டலம் திரும்பிப் போனது ஒன்றே அன்று எனக்குத் தெரிந்த இழப்பு.

மழை உடனே வரவில்லை. முடிச்சு அவிழ்ந்து ஒன்பது நாள் கழித்தே வந்தது. அந்த ஒன்பது நாளுக்கு நான் பொறுப்பல்ல. வந்ததும், பொங்கலால் வந்தது, மழைச்சோற்றால் வந்தது என்று காரணங்கள் மறுபடி பெருகின. என் முடிச்சை இரண்டே நாளில் மறந்துவிட்டார்கள். எனக்கு அதில் சிறு மனத்தாங்கல்கூட உண்டாயிற்று. இன்று எண்ணிப் பார்க்கிறேன்: நான் பெரும்பாவி என்று பத்தொன்பது நாள் நடுங்கினேன், எனினும், வானத்துக்கும் எனக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று எவரேனும் சொல்லியிருந்தால் அதைவிட மிகுதியாக நடுங்கியிருப்பேன். பெரியம்மாவும் அவ்வாறுதான் நடுங்கினார். இருவரும் ஒரே இருட்டில்தான் துழாவினோம். என் கைக்கு ஒரு முடிச்சு அகப்பட்டது, அவர் கைக்கு ஒரு மனுஷி.

எறும்புக்குப் போனது போக மிஞ்சிய விதை முளைத்தது. அத்தை தீப்பெட்டி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தார். கண்மாய் நிறைந்த பிறகு ஒரு நாள், வேலைக்குப் போகும் வழியில், அவரும் நானும் கரையில் நின்றோம். கலங்கிய தண்ணீரில் வெடிப்பு இருந்த இடமே தெரியவில்லை. கோடையில் தண்ணீர் வற்றியதும் மெட்டிகள் கிடைக்கும்படி அய்யனாருக்கு மறுபடி ஒரு முடிச்சுப் போட்டு வைக்கிறேன் என்று சொல்லி, பாவாடை ஓரத்தைக் கையில் எடுத்தேன்.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். மடங்காத அந்த இடக்கையால்தான் பிடித்தார்.

“போட்டுராதட்டி” என்றார். “அது கெடைக்கவே வேண்டாம்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். எங்கள் வீட்டுக்கு வந்தபின் அவர் சிரித்து அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன். தொலைந்த பொருள் கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்பவரும் உலகத்தில் உண்டா என்று எண்ணியபடி, பாவாடை ஓரத்தைக் கைவிட்டு, அவர் பின்னால் நடந்தேன்.